கண்ணாடி அலமாரிக் கிண்ணம்

"தினமுமா? தினமும் நீதான் முதல்ல குளிக்கிறியா?"

"ஆமாக்கா. மாமியார் தண்ணி காய வெச்சுட்டு என்னைத்தான் முதல்ல கூப்பிடுவாங்க."

"கொடுத்து வெச்சவ! எங்க வீட்டுல மாமனார், புருஷன், ரெண்டு பசங்க எல்லாரும் ஒரே தொட்டித் தண்ணியில ஊறி எழுந்த பிறகுதான் என் முறை வரும். அதுக்குள்ள தண்ணி ஆறின கஞ்சியாட்டம் ஆயிடும். முதல் தண்ணியில நான் குளிச்சது ஒரே ஒரு தடவைதான். நாத்தனார் வீட்டுக்கு விருந்தாளியா போயிருந்தப்போ."

பக்கத்து வீட்டு இகுதா அக்கா இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். காக்கை கொத்தாமல் இருக்கக் குப்பைப் பைகளின் மேல் வலையை இழுத்து மூடிவிட்டு, மீன் வண்டி வரும் நேரமாயிற்று என்று போயும்விட்டாள். தெசிதான் காலிக் கையோடு அங்கேயே நின்றாள்.

விருந்தாளி.

அது நடந்து எட்டு நாளாகியும் அந்தச் சொல் அவளை விட்டபாடில்லை. மிசோ சூப்பைக் கலக்கும்போதும், துணி மடிக்கும்போதும், தபால்காரருக்குக் குனிந்து வணக்கம் சொல்லும்போதும் கூடவே வந்தது.

தெசியின் முழுப்பெயர் தெரெசிதா. பிலிப்பைன்ஸில் இலோய்லோ நகரத்துப் பெண். அங்கே மீனை உறையவைத்து ஏற்றுமதி செய்யும் கம்பெனியில் கணக்கெழுதிக்கொண்டிருந்தாள். குளிரூட்டும் இயந்திரங்களைப் பொருத்துவதற்காக ஜப்பானிலிருந்து சோஹேய் வந்தான். முதல் வருடம் இயந்திரங்களைப் பொருத்தினான். இரண்டாம் வருடம் பழுதாகாத இயந்திரங்களையெல்லாம் பழுது பார்த்தான். எல்லா இயந்திரங்களும் தெசியின் மேஜைக்குப் பக்கத்திலேயே இருந்தது கம்பெனி முழுவதும் சிரித்துப் பேசிய விஷயம். பிறகு கல்யாணம். தொத்தோரியில், பேரிக்காய்த் தோப்புகளுக்கு நடுவே இருந்த சோஹேயின் வீட்டுக்கு அவள் வந்து ஒரு வருடமும் மூன்று மாதமும் ஆகின்றன.

வீட்டில் நான்கே பேர். மாமனார் தெத்சுவோ நாளைக்கு இருபது வார்த்தை பேசுவார். மாமியார் ஃபுமியே மீதியைப் பேசுவாள். மகனை "டேய், காலை மடக்குடா" என்பாள். புருஷனை "சும்மா உட்கார்ந்திருக்கிறதுக்கு அந்தக் கீரையையாவது ஆயுங்களேன்" என்பாள். தெசியிடம் மட்டும் குரலே மாறிவிடும். "தெசி, வாங்க. சாப்பிடுங்க. போதுமா? இன்னும் கொஞ்சம் வெச்சுக்கோங்க."

இத்தனை நாளும் தெசிக்கு அது இனிமையாகத்தான் இருந்தது. மாமியார் கொடுமை என்று ஊரில் எத்தனை கதை கேட்டிருக்கிறாள்! தனக்கு வாய்த்த மாமியார் தங்கம் என்று அம்மாவுக்குத் தொலைபேசியில் சொல்லிப் பூரித்தும் போயிருக்கிறாள். இப்போது அந்தத் தங்கத்தை உரசிப் பார்க்கத் தொடங்கிவிட்டாள்.

முதல் சந்தேகம் குளியல். இரண்டாவது சந்தேகம் கிண்ணம்.

இலோய்லோவில் அவள் வீட்டில் ஏழு பேர். சாப்பாட்டு நேரத்தில் எவன் கைக்கு எந்தத் தட்டு அகப்பட்டதோ, அது அவன் தட்டு. இங்கே அப்படி இல்லை. மாமனாருக்கு விளிம்பில் விரிசல் விட்ட பழுப்புக் கிண்ணம். மாமியாருக்குச் சிவப்புப் பூப்போட்ட சின்னக் கிண்ணம். சோஹேய்க்கு உயர்நிலைப் பள்ளியில் படிக்கும்போது வாங்கிய நீலக் கோட்டுக் கிண்ணம். வந்த புதிதில் தெசி இது தெரியாமல் பூப்போட்ட கிண்ணத்தில் மாமனாருக்குச் சோறு போட்டுவிட்டாள். அடுத்தவர் செருப்பில் காலை விட்டுவிட்டவர் போல அவர் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சோஹேய் எழுந்து போய்க் கிண்ணத்தை மாற்றிக் கொண்டுவந்த பிறகுதான் சாப்பிடும் குச்சியைக் கையில் எடுத்தார்.

தெசிக்கு வருவது கொக்குப் படம் போட்ட வெள்ளைக் கிண்ணம். கூடத்துக் கண்ணாடி அலமாரியில் அதே மாதிரி ஐந்து இருந்தன. மற்ற மூன்று கிண்ணங்களும் கழுவிய பிறகு அடுக்களைத் தொட்டியடித் தட்டிலேயே கவிழ்ந்து கிடக்கும். கொக்குக் கிண்ணத்தை மட்டும் ஃபுமியே துணியால் துடைத்து, மெல்லிய காகிதம் சுற்றி, அலமாரிக்கே திருப்பிக் கொண்டுபோய் வைப்பாள். அடுத்த வேளைக்கு மறுபடியும் எடுத்து வருவாள். ஒரு வருடம் மூன்று மாதமாக, நாளுக்கு மூன்று வேளை!

பண்டிகைக்கு வரும் அத்தை மாமாக்களுக்கும் அதே கொக்குக் கிண்ணம்தான் என்பது புத்தாண்டன்றே தெசிக்குத் தெரியும். அன்று அதை அழகு என்று நினைத்தாள். இப்போது வேறு மாதிரி நினைத்தாள்.

இது வெறும் கிண்ண விவகாரமாக இருந்தால் அவளும் விட்டிருப்பாள். சோஹேயின் அலுவலகத்தில் அவனுக்கு ஒசாகாவில் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். குடும்பத்தோடு இருக்க வீடும் தருவார்களாம். வருகிற திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். "நீ சொல்றதுதான். எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்" என்று அவன் முடிவைத் தெசியின் தலையில் கட்டிவிட்டான். தெசிக்குப் போக மனமில்லை. இந்தத் தோப்பு, வானொலியோடு சேர்ந்து பாடிக்கொண்டே முள்ளங்கியை ஊறுகாய்ப் பானையில் அடுக்கும் மாமியார், கதவைத் திறந்ததும் மூக்கில் ஏறும் வைக்கோல் பாயின் வாசனை எல்லாம் அவளுக்குப் பிடித்துப்போயிருந்தன. ஆனால் விருந்தாளியாக ஒருத்தி எத்தனை நாள் இருக்க முடியும்? என்றைக்கு எழுந்து போவாள் என்று வீட்டுக்காரர்கள் காத்திருப்பார்களோ?

ஒசாகா பற்றிச் சொன்னதும் ஃபுமியே சொன்னது ஒரே வாக்கியம். "உங்க இஷ்டம் எதுவோ, அப்படியே செய்ங்க."

அதற்கு என்ன அர்த்தம்? போங்கள் என்பதா, போகாதீர்கள் என்பதா, எப்படியானாலும் சரி என்பதா? தெசி அந்த வாக்கியத்தை மூன்று விதமாகவும் மனதுக்குள் சொல்லிப் பார்த்தாள். மூன்றும் பொருந்தின.

"சோஹேய், நான் இந்த வீட்டுல யாரு?"

"என்ன கேள்வி இது? என் பொண்டாட்டி."

"உனக்குப் பொண்டாட்டி. உங்க அம்மாவுக்கு?"

"மருமக."

"மருமகளுக்கு யாராவது அலமாரியில இருந்து கிண்ணம் எடுத்து வைப்பாங்களா?"

சோஹேய் யோசித்தான். இயந்திரத்தைத் தட்டிவிட்டுக் காது கொடுத்துக் கேட்பவனைப் போலக் கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்திருந்தான். "அது நல்ல கிண்ணம்" என்றான் கடைசியில்.

"நல்ல கிண்ணம்னு எனக்கும் தெரியும்டா. நீ அம்மாகிட்ட கேட்டுச் சொல்லேன்."

"என்னன்னு கேக்குறது? ஏம்மா என் பொண்டாட்டிய மரியாதையா நடத்துறேன்னா? கேட்டா, தான் ஏதோ குறை வெச்சுட்டோம்னு அம்மா பயந்துடுவா. அப்புறம் உன்னை இன்னும் நல்லா கவனிப்பா."

"இன்னும் நல்லாவா? ஐயோ மாதாவே, வேண்டாம்."

தனக்கென்று ஒன்றை வாங்கிவிட்டால் என்ன என்று தெசி கடைக்கும் போய் வந்தாள். பச்சை நிறத்தில் ஒரு கிண்ணம் உள்ளங்கைக்கு அடக்கமாக இருந்தது. கையில் எடுத்தாள். மறுபடியும் தட்டிலேயே வைத்துவிட்டாள். தன் கிண்ணத்தைத் தானே வாங்கிக்கொண்டு போய் அடுக்களைத் தட்டில் கவிழ்ப்பது, அடுத்தவர் வீட்டு வாசலில் தன் பெயர்ப் பலகையை மாட்டுவது போல் பட்டது. அவர்களாகக் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் அதில் சாப்பிட்டாலும் விருந்தாளிதான்.

வாயால் கேட்க முடியாததைச் செய்து பார்ப்போம் என்று புதன்கிழமை தொடங்கினாள். ஃபுமியே வழக்கம்போல், "தண்ணி தயார், நீங்க முதல்ல போங்க" என்றதும், "இல்லம்மா, எனக்கு ஒரு கடிதம் எழுதணும். நீங்க எல்லாரும் குளிங்க, நான் கடைசியில போறேன்" என்றாள்.

யாரும் அசையவில்லை. மாமனார் கழுத்தில் துண்டோடு தொலைக்காட்சியில் வானிலை பார்த்தார். அது முடிந்ததும் வேறொரு அலைவரிசையில் அதே வானிலையை மறுபடி பார்த்தார். சோஹேய் கொட்டாவி விட்டான். ஃபுமியே பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை போய்த் தண்ணீரைத் தொட்டுப் பார்த்து, சூடேற்றும் பொத்தானை அழுத்திவிட்டு வந்தாள். வாரா வாரம் எழுதும் கடிதத்தை மூன்று பக்கம் இழுத்தும் பார்த்தாள் தெசி. முடியவில்லை. ஓடிப்போய் நான்கே நிமிடத்தில் குளித்துவிட்டு வந்தாள். அவள் வெளியே வரும்போது மாமனார் "அப்பாடா" என்றது கதவுக்கு இந்தப் பக்கம் வரை கேட்டது.

வியாழக்கிழமை கிண்ணம். ஃபுமியே அலமாரிப் பக்கம் போவதற்குள் தெசி ஒரு சாதாரண மரக் கிண்ணத்தில் சோற்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"ஐயோ, அது சூப்புக் கிண்ணம்."

"இதுவே போதும்மா. எனக்கு இதுதான் வசதி."

ஃபுமியேயின் முகம் சிறுத்துப்போயிற்று. "அப்படியா? மன்னிக்கணும். எனக்குத் தோணவே இல்ல. மன்னிக்கணும்" என்று இரண்டு முறை குனிந்தாள்.

ஜெயித்துவிட்டோம் என்றுதான் தெசி நினைத்தாள். வெள்ளிக்கிழமை அவள் இடத்தில் மூடி போட்ட, தங்கக் கோடு ஓடிய வேறொரு கிண்ணம் உட்கார்ந்திருந்தது. மேல்தட்டு மரப்பெட்டியிலிருந்து எடுத்தது. அதிலிருந்து பழைய காகித வாசனை அடித்தது.

மாமனார் அதை உற்றுப் பார்த்தார். "இது நம்ம கல்யாணத்துக்கு வந்ததுல்ல?"

"ஆமா."

"முப்பத்தாறு வருஷத்துல நான்கூட இதுல சாப்பிட்டதில்ல."

"சாப்பிட்டிருந்தா உடைச்சிருப்பீங்க. தெசி, நீங்க சாப்பிடுங்க. இது பிடிச்சிருக்கா? பழசு பிடிக்கலன்னு எனக்கு முன்னாடியே தெரிஞ்சிருந்தா நல்லா இருந்திருக்கும்."

இரண்டாம்தர விருந்தாளியாக இருந்தவள் இப்போது முதல்தர விருந்தாளி ஆகிவிட்டாள். சோஹேய் நீலக் கோட்டுக் கிண்ணத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரிப்பதைப் பார்த்து, மேஜைக்கு அடியில் அவன் காலை மிதித்தாள்.

சனிக்கிழமை தோப்பில் வேலை. பேரிப் பூக்கள் விரிந்து நிற்பது சில நாள்தான். அதற்குள் நுனியில் இறகுக் குஞ்சம் கட்டிய குச்சியைச் சிவப்புப் பொடி கலந்த மகரந்தத்தில் தொட்டு, ஒவ்வொரு பூவாக ஒற்றிவிட வேண்டும். தேனீயை நம்பி உட்கார முடியாது. அக்கம்பக்கத்தார் முறை வைத்துக்கொண்டு ஒருவர் தோப்புக்கு ஒருவர் வருவார்கள். போன வருடம் தெசியைக் கொட்டகை நிழலில் மெத்தை போட்டு உட்கார வைத்து, கையில் தேநீரைக் கொடுத்துவிட்டார்கள். இந்த வருடம் அவள் சோஹேயின் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு, ரப்பர் காலணியோடு விடிந்ததும் போய் நின்றாள்.

"ஐயோ, நீங்க எதுக்கு வந்தீங்க? தலைக்கு மேல கையைத் தூக்கியே நிக்கணும், தோள் போயிடும். உட்காருங்க, உட்காருங்க" என்று ஃபுமியே எங்கிருந்தோ ஒரு மடக்கு நாற்காலியைக் கொண்டுவந்து பூக்களுக்கு அடியில் போட்டாள்.

"அடடா! தெசி, இன்னிக்கு நீதான் ராணியா?" என்று இகுதா அக்கா ஏணி மேலிருந்து கத்தினாள். "விசிறி வீசுறதுக்கு ஆள் அனுப்பட்டுமா?"

எல்லாரும் சிரித்தார்கள். தெசியும் சிரித்தாள். ஆனால் உட்காரவில்லை. நாற்காலிக்குப் பக்கத்திலேயே கை கட்டி நின்றாள். சோற்றுருண்டை பிடிக்க ஃபுமியே வீட்டுக்குக் கிளம்பிய மறு நிமிடம், ஒரு குச்சியை எடுத்துக்கொண்டு மாமனார் நின்ற வரிசைக்குப் போய்விட்டாள்.

அவர் வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. பொடிப் புட்டியை அவள் பக்கம் கொஞ்சம் நகர்த்தினார். "தொட்டா போதும். தேய்க்காத" என்றார்.

ஒரு மணி நேரம் இருவரும் பேசாமல் வேலை செய்தார்கள். ஃபுமியே சொன்னது பொய்யில்லை, தோள் கழன்றுவிடும் போலிருந்தது. அந்த வலிதான் கேட்கும் தைரியத்தைக் கொடுத்ததோ என்னவோ.

"அப்பா, ஒண்ணு கேக்கலாமா?"

"ம்."

"என்னை ஏன் எப்பவும் முதல்ல குளிக்கச் சொல்றாங்க?"

அவர் ஏழெட்டுப் பூக்களை ஒற்றி முடித்தார். "மத்தவங்க இறங்கின தண்ணி உனக்கு ஆகாதே."

"யார் சொன்னா?"

"யாரும் சொல்லணுமா? நீ வந்த முதல் நாள் குளிச்சிட்டு, அடைப்பானைப் பிடுங்கி விட்டுட்டியே. தொட்டித் தண்ணி பூரா போயிடுச்சு."

தெசியின் குச்சி அந்தரத்தில் நின்றது.

"ஜனவரி மாசம். வெளியில பனி. நான் சட்டையைக் கழட்டிட்டு நிக்கிறேன். உள்ள பாத்தா ஒரு சொட்டு இல்ல." அவர் அடுத்த கிளைக்கு நகர்ந்தார். இன்றைக்கு இருபது வார்த்தை எப்போதோ தாண்டிவிட்டது. "மறுபடி ரொம்புற வரைக்கும் போர்வையைச் சுத்திக்கிட்டு உட்கார்ந்திருந்தேன்."

"ஐயோ! ஏன் யாருமே எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா உனக்குக் கூச்சமா இருக்கும்ல? அன்னிக்கே உன் மாமியார் சொல்லிட்டா. அவங்க ஊர்ல ஒருத்தர் தண்ணியில இன்னொருத்தர் இறங்க மாட்டாங்க போல, இனிமே அவளை முதல்ல விட்டுடுவோம், யாரும் வாயைத் திறக்கக் கூடாதுன்னு. சோஹேய்கிட்டகூடச் சொல்லல. அவன் உளறிடுவான்."

"எங்க ஊர்ல எங்க வீட்டுல தொட்டியே கிடையாதுப்பா! வாளியும் குவளையும்தான். குளிச்சு முடிச்சா வாளியைக் கவுத்து வெச்சிட்டு வரணும். இல்லேன்னா எங்கம்மா உதைப்பாங்க."

மாமனார் முதல் தடவையாகத் திரும்பி அவளைப் பார்த்தார். "அப்போ நீ வாளியைக் கவுத்திருக்க."

"ஆமாப்பா."

"சரிதான்" என்றார். அவர் தோள் குலுங்கியது. குலுங்கிய குலுக்கலில் மகரந்தம் கொஞ்சம் புல்லில் கொட்டிப்போயிற்று.

தெசிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. இரண்டாம் நாளே ஃபுமியே, "தண்ணியை அப்படியே விட்டுடுங்க, தொட்டியை நான் பாத்துக்கிறேன்" என்று சொன்னது இப்போது நினைவுக்கு வந்தது. அதையும் ஒரு உபசாரம் என்றுதான் அன்று எடுத்துக்கொண்டாள். தன்னை ஒதுக்கி வைத்திருக்கிறார்கள் என்று இத்தனை நாளாக வெந்துகொண்டிருந்தாள். அவர்களோ ஒரு வருடமாக அவளுக்காக வாயைக் கட்டிக்கொண்டு இருந்திருக்கிறார்கள்.

"அப்போ கிண்ணம்?"

"எந்தக் கிண்ணம்?"

"எனக்கு மட்டும் அலமாரியில இருந்து வருதே, அது."

மாமனார் குச்சியாலேயே காதைச் சொறிந்தார். காது சிவப்பாயிற்று. "அது உன் மாமியார் டிபார்ட்மென்ட்" என்று சொல்லிவிட்டு ஏணியில் ஏறிவிட்டார். அதற்கு மேல் அவரிடமிருந்து எதுவும் பெயரவில்லை.

குழப்பம் தீர்ந்தபாடில்லை. பாதி தீர்ந்ததில் மீதி இன்னும் பெரிதாகத் தெரிந்தது. குளியல் அன்பினால் என்றால் கிண்ணமும் அன்பினால்தானா? அல்லது குளியலுக்கு ஒரு காரணம், கிண்ணத்துக்கு வேறு காரணமா? என்றைக்கோ மகனோடு ஊரைவிட்டுப் போய்விடப் போகிறவளுக்குத் தனிக் கிண்ணம் எதற்கு என்று ஃபுமியே நினைத்திருப்பாளோ? சோற்றுருண்டையை வாங்கும்போது தெசி மாமியாரின் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தில் வழக்கமான சிரிப்பு இருந்தது. அதை மூன்று விதமாகப் படிக்கலாம்.

மாலை வீடு திரும்பியதும் சோஹேய் அவள் காதருகே வந்தான். "நாளை மறுநாள் திங்கள். யோசிச்சியா?"

"யோசிச்சுக்கிட்டுதான் இருக்கேன். சும்மா இரு."

உள்ளே தொட்டியில் தண்ணீர் காய்ந்திருந்தது. மாமனார் கழுத்தில் துண்டோடு தொலைக்காட்சி முன் உட்கார்ந்தாயிற்று. காதில் சிவப்பு இன்னும் போகவில்லை.

"தெசி, தண்ணி தயார். தோள் வலிக்குமே, நீங்க முதல்ல போய் ஊறுங்க" என்றாள் ஃபுமியே. சொல்லிக்கொண்டே மேல்தட்டுப் பெட்டியை எட்டி, மூடி போட்ட கிண்ணத்தை இரண்டு கையாலும் இறக்கினாள்.

தெசி போகவில்லை. அடுக்களை வாசலிலேயே நின்றாள். மூன்று கிண்ணங்கள் தட்டில் கவிழ்ந்திருந்தன. நான்காவதற்கு அங்கே இடம் இருக்கத்தான் செய்தது. எத்தனை நாளாக மனதுக்குள் ஒத்திகை பார்த்த வாக்கியம்! பணிவாக ஒன்று, சிரித்துக்கொண்டே சொல்ல ஒன்று, சுற்றி வளைத்து ஒன்று. இப்போது எதுவுமே நினைவுக்கு வரவில்லை.

"என்னாச்சு? இதுவும் பிடிக்கலையா?" ஃபுமியேயின் கை கிண்ணத்தோடு பாதியில் நின்றது. அவள் குரலில் இருந்தது பயம் என்பது தெசிக்கு அப்போதுதான் புரிந்தது. "சொல்லுங்க. எனக்கு என்ன செய்யுறதுன்னே தெரியல. எதை வெச்சாலும் உங்க முகம் வாடிப்போகுது."

தொலைக்காட்சியில் வானிலை ஓடிக்கொண்டிருந்தது. யாரோ அதன் சத்தத்தைக் குறைத்தார்கள்.

தெசி இரண்டடி முன்னால் போய், அந்தத் தங்கக் கோட்டுக் கிண்ணத்தை மாமியாரின் கையிலிருந்து மெதுவாக வாங்கி மேஜை மேல் வைத்தாள். விரல் இடுக்கில் ஒட்டியிருந்த சிவப்புப் பொடி அதன் மூடியில் பதிந்துவிட்டது. அதைத் துடைக்கக்கூடத் தோன்றவில்லை.

"அம்மா, இன்னிக்கு நான் உங்களுக்கு அப்புறம் குளிக்கிறேன். அப்புறம்... எனக்குன்னு ஒரு கிண்ணம் வேணும்மா. தினமும் இங்கேயே இருந்து சாப்பிடுறதுக்கு, அந்தத் தட்டுலயே கவுத்து வைக்கிறதுக்கு. நாளைக்குக் கடைக்குப் போய், நீங்களே பார்த்து ஒண்ணு வாங்கித் தாங்க."